அரசு எப்போது இறங்கி வருகிறது?

கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக இது: “தொழிற்சங்கம், வணிகர் சங்கம், சாதிச் சங்கம், சுற்றுச்சூழல் அமைப்பு என்று அழுத்தக் குழுக்களைப் பட்டியல் போட்டுப் பரீட்சைக்குப் படித்துவிட்டேன். நிஜத்தில் சென்னையில் இவர்கள் அரசை எப்படி அசைக்கிறார்கள்? சிலருக்கு மூன்றே நாளில் காரியம் நடக்கிறது. சிலர் வருடக்கணக்கில் தெருவில் உட்கார்ந்தும் நடப்பதில்லை. ஏன்?”

நான் கோட்டையில், அதாவது தலைமைச் செயலகத்தில், பிரிவு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். மனுவோடு வருகிறவர்களை மேசைக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துப் பழகிய கண் என்னுடையது. அந்தச் சாய்வு இந்தப் பதிலில் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் எவ்வளவு பெரியது என்பதை வைத்து எதையும் கணிக்க முடியாது. இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முடிவெடுக்கிறவர் “முடியாது” என்று சொன்னால் அவருக்கு என்ன நஷ்டம், அது எப்போது வரும்? அப்புறம், அந்தக் கோப்பு இப்போது யார் மேசையில் நிற்கிறது? இந்த இரண்டும் தெரிந்த சங்கம் சின்னதாக இருந்தாலும் ஜெயிக்கும். தெரியாத சங்கம் லட்சம் பேரைத் திரட்டினாலும் மாலையில் கலைந்து வீட்டுக்குத்தான் போகும்.

நீங்கள் சொல்லும் “மூன்றே நாள்” அநேகமாக 12 மணி நேர வேலை மசோதாவாக இருக்க வேண்டும். அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம், பாடம் முழுக்க அதில் இருக்கிறது. 2023 ஏப்ரல் 21, சட்டப்பேரவைக் கூட்டத்தொடரின் கடைசி நாள். தொழிற்சாலைகள் சட்டத்தில் 65ஏ என்று ஒரு பிரிவைச் சேர்க்கும் மசோதா நிறைவேறுகிறது. விரும்பும் ஆலைகளுக்கு வேலை நேரத்தைத் தளர்த்திக்கொள்ள அரசு அனுமதி தரலாம் என்பது அதன் சாரம். நடைமுறையில் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி. சில வாரங்களுக்கு முன்புதான் கர்நாடகம் இதே மாதிரி திருத்தம் கொண்டுவந்திருந்தது. மசோதாவோடு இணைத்திருந்த நோக்கக் காரண விளக்கத்தைப் படித்தால், தொழில் நிறுவனங்களும் அவற்றின் சங்கங்களும் நெகிழ்வான வேலை நேரம் கேட்டு அரசிடம் முறையிட்டதாக அதிலேயே எழுதியிருந்தது. அதாவது அந்த மசோதாவே ஓர் அழுத்தக் குழுவின் வெற்றி. ஊர்வலம் இல்லை, கோஷம் இல்லை. தொழில்துறையினர் கோரிக்கையை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்தார்கள், அது மசோதாவாகி வெளியே வந்தது.

அடுத்து நடந்ததைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். இடதுசாரிகளும் விடுதலைச் சிறுத்தைகளும் வெளிநடப்பு செய்தார்கள், மற்றக் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. திமுகவின் சொந்தத் தொழிற்சங்கமான தொ.மு.ச.வுக்கே அதில் உடன்பாடில்லை. மே 12 அன்று வேலைநிறுத்தம் என்று சங்கங்கள் அறிவித்தன. ஏப்ரல் 24 அன்று அமைச்சர்கள் தலைமைச் செயலகத்தில் சங்கங்களை அழைத்துப் பேசினார்கள், அன்றே மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் வைத்தே திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார்.

இதில் வேலைநிறுத்தம் நடக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். தேதிதான் குறித்தார்கள். ஆளுங்கட்சிக்கு அடுத்த வருடம் நாடாளுமன்றத் தேர்தல். கூட்டணியில் எல்லாக் கட்சிகளும் வேண்டும். தொழிலாளர் நாளில் மேடையேற வேண்டிய முதல்வருக்கு அதற்குப் பத்து நாள் முன்பு இப்படி ஒரு சட்டம். “முடியாது” என்று சொல்வதன் விலை உடனே, கண்ணெதிரே நின்றது. சங்கங்கள் அதைத் தாங்களாக உண்டாக்கவில்லை, நாட்காட்டி தந்தது. அவர்கள் சரியாகப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் 2003. அரசு ஊழியர், ஆசிரியர் வேலைநிறுத்தம். ஜெயலலிதா அரசு எஸ்மா என்கிற அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தை எடுத்துச் சுமார் 1.7 லட்சம் பேரை ஒரே மூச்சில் பணிநீக்கம் செய்தது. உச்ச நீதிமன்றமும் அந்த ஆகஸ்டில், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமையே கிடையாது என்று சொல்லிவிட்டது. சங்கங்கள் மண்ணைக் கவ்வின என்றே எல்லோரும் நினைத்தோம். 2004 மே மாதம் நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்தது. தமிழகத்தின் 39 தொகுதிகளில் ஒன்றுகூட அதிமுக கூட்டணிக்கு இல்லை. முடிவு வந்த சில நாளிலேயே பல அறிவிப்புகள் திரும்பப் பெறப்பட்டன, ஊழியர்கள் மீதான நடவடிக்கைகளும் அதில் சேர்த்தி. அன்றிலிருந்து எந்த ஆட்சியாக இருந்தாலும் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ ஜியோ என்ற பெயரைக் கேட்டால் நிதித்துறைக்கு ஒரு முகம், கட்சிக்காரர்களுக்கு இன்னொரு முகம். ஊழியரும் அவர் குடும்பமும் வாக்குச்சாவடியில் என்ன செய்வார்கள் என்ற கணக்கு கட்சிக்காரர்களுக்கு மறக்காது.

நிதித்துறை என்று சொன்னேன். வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாத கோட்டை அதுதான். துறைச் செயலாளர் ஒப்புக்கொள்வார், அமைச்சர் சிரித்த முகமாக “பண்ணிடலாம்” என்பார், சங்கத்தார் சால்வை போட்டுவிட்டு வருவார்கள். கோப்பு நிதித்துறைக்குப் போய் அங்கேயே நிற்கும். அங்கே கேட்கிற முதல் கேள்வி “இவர்களுக்கு எவ்வளவு செலவாகும்” என்பது இல்லை. “இவர்களுக்குக் கொடுத்தால் அடுத்து யார் யார் வந்து கேட்பார்கள்?” இதற்குப் பதில் எழுதித் தராத எந்தக் கோரிக்கையும் திரும்பி வரும்.

மனு எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் சொல்லித் தருவதில்லை. பெரும்பாலான மனுக்கள் முதல்வருக்கு எழுதப்படும். பன்னிரண்டு கோரிக்கை இருக்கும், கடைசியில் “ஆவன செய்யுமாறு” முடியும். அது முதல்வரின் தனிப்பிரிவுக்குப் போகும், அங்கிருந்து துறைக்கு, துறையிலிருந்து துறைத் தலைவருக்கு, அவரிடமிருந்து மாவட்டத்துக்கு. எந்த அதிகாரியைப் பற்றிப் புகார் சொன்னார்களோ அவரிடமே “உரிய நடவடிக்கைக்காக” வந்து சேரும் கூத்தும் நடக்கும். கடைசியில் “தங்கள் கோரிக்கை அரசின் பரிசீலனையில் உள்ளது” என்று ஒரு கடிதம். விவரம் தெரிந்த சங்கத்தின் மனு வேறு மாதிரி. ஒரே ஒரு கோரிக்கை. ‘பார்வை’ என்ற மேற்கோள் வரியில் இரண்டு அரசாணை எண், தேதியோடு. ஏற்கெனவே வேறொரு துறையில் இதே சலுகை தரப்பட்டதற்கான நகல். எத்தனை பேர், எவ்வளவு செலவு என்று ஒரு சின்ன அட்டவணை. இப்படி ஒரு மனு வந்தால் உதவிப் பிரிவு அலுவலருக்கு வேலை மிச்சம், குறிப்புக் கோப்பில் அப்படியே எடுத்து எழுதிவிடலாம். பிறகு சங்கத்தார் வந்து “ஃபைல் எங்கே இருக்கு சார்” என்று கேட்பார்கள். வாரம் ஒரு தடவை, அதே ஆள், அதே புன்னகை. அந்த ஆளுக்கு நான் பயந்த அளவுக்கு எந்த மறியலுக்கும் பயந்ததில்லை.

மாற்றுத்திறனாளிகள் சங்கங்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். உள்ளாட்சி அமைப்புகளில் தங்களுக்கு நியமன உறுப்பினர் இடம் வேண்டும் என்று விடாமல் கேட்டுவந்தார்கள். 2025 ஏப்ரலில் முதல்வரே பேரவையில் அதற்கான மசோதாக்களைக் கொண்டுவந்து நிறைவேற்றினார். நிதித்துறையிடம் பெரிய தொகை கேட்காத கோரிக்கை, எதிர்த்துப் பேச எந்தக் கட்சிக்கும் வாய் வராது, அறிவிக்கிறவருக்குப் பெருமை. இந்த மூன்றும் ஒரே கோரிக்கையில் அமைவது அபூர்வம், அமைந்தால் விடக்கூடாது.

சரி, தெருவுக்கு வருவோம். சென்னையில் நினைத்த இடத்தில் போராட முடியாது. சென்னை நகரக் காவல் சட்டம் 41ஆம் பிரிவின்படி ஐந்து நாள் முன்னதாகவே அனுமதி கேட்க வேண்டும். கொடுத்தாலும் வள்ளுவர் கோட்டம் அருகே, சேப்பாக்கத்தில் விருந்தினர் மாளிகை பக்கம் என்று குறிப்பிட்ட சில இடங்கள்தான். ஆசிரியர்களுக்குக் கல்லூரிச் சாலையில் பள்ளிக்கல்வி அலுவலகங்கள் உள்ள டிபிஐ வளாகம், மருத்துவப் பணியாளர்களுக்குத் தேனாம்பேட்டையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் உள்ள டிஎம்எஸ் என்று பழக்கத்தில் சில இடங்கள் உண்டு. அனுமதித்த இடத்தில் அனுமதித்த நேரத்தில் கோஷம் போட்டுவிட்டு மண்டபத்தில் அடைக்கப்பட்டு மாலையில் விடுதலையாவது ஒரு சடங்கு. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை, அதனால்தான் அனுமதியும் கிடைக்கிறது. அது வீண் என்று சொல்ல மாட்டேன். சங்க உறுப்பினர்களுக்குத் தெம்பு, பத்திரிகையில் ஒரு படம், அடுத்த பேச்சுவார்த்தையில் “எங்கள் ஆட்கள் கொதித்துப்போயிருக்கிறார்கள்” என்று சொல்ல ஒரு ஆதாரம். அவ்வளவுதான் அதன் வேலை.

சடங்கை மீறியவர்கள் தூய்மைப் பணியாளர்கள். 2025 ஆகஸ்ட் 1 முதல் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலிலேயே உட்கார்ந்தார்கள். இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் குப்பை அள்ளும் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து, நடைபாதையில் பெண்கள் பகலும் இரவும் இருந்தார்கள். சுதந்திர தினத்துக்கு இரண்டு நாள் முன்பு, ஆகஸ்ட் 13 நள்ளிரவில், உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டிக் காவல்துறை அப்புறப்படுத்தியது. மறுநாளே அமைச்சரவை கூடித் தூய்மைப் பணியாளர்களுக்கு இலவசக் காலை உணவு, காப்பீடு என்று வரிசையாக நலத்திட்டங்களை அறிவித்தது. அவர்கள் கேட்டது பணி நிரந்தரம், கிடைத்தது காலை உணவு. என் பார்வையில் இது தோல்வி என்று எழுதிவிட முடியாது. உணவும் காப்பீடும் போராடாத மண்டலத்துக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் வந்தன. ஆனால் தனியார்மயம் அசையவில்லை, ஏனென்றால் ஒப்பந்தம் கையெழுத்தாகி முடிந்திருந்தது. கையெழுத்துக்குப் பின் அரசை அசைப்பது, முன்னால் அசைப்பதைவிடப் பல மடங்கு கடினம். டெண்டர் அறிவிப்பு, வரைவு விதி, மன்றத் தீர்மானம் ஆகிய கட்டங்களிலேயே மோப்பம் பிடிக்க வேண்டும் என்று சங்கங்களுக்கு நான் எப்போதும் சொல்வது இதனால்தான்.

“அப்போ ஜல்லிக்கட்டு?” என்று கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். 2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர்கள் உட்கார்ந்தார்கள், 21ஆம் தேதி அவசரச் சட்டம், 23ஆம் தேதி பேரவையில் சட்டம். அதைப் பொது விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே மாநில அரசும் எதிர்க்கட்சியும் போராட்டக்காரர்களும் ஒரே பக்கம். எதிரே இருந்தது ஜல்லிக்கட்டைத் தடைசெய்து 2014இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் விலங்கு நல அமைப்புகளும். ஜெயலலிதா மறைந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, ஓ. பன்னீர்செல்வத்துக்கு ஒரு வெற்றி தேவைப்பட்டது, டெல்லியும் ஒப்புதலை மளமளவென்று கொடுத்தது. ஏற்கெனவே திறக்கத் தயாராக இருந்த கதவைத் தள்ளினார்கள். சட்டம் நிறைவேறிய அதே நாள் காலையில்தான் மெரினாவில் தடியடியும் நடந்தது. அதற்குப் பின் மெரினாவில் யாரையும் உட்கார விடுவதில்லை.

பணமுள்ளவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்பது வேறு கதை, அதில் பாதி நமக்குத் தெரியவராது. அமெரிக்காவில் அரசை அணுகிப் பேசுவதையே தொழிலாகச் செய்பவர்கள் பதிவு செய்ய வேண்டும், யாருக்காகப் பேசினோம் என்று கணக்குக் காட்ட வேண்டும். அதற்கென 1995இல் போட்ட சட்டம் இருக்கிறது. நம்மிடம் அப்படி ஒன்றும் இல்லை. கட்சிகளுக்கு நன்கொடை தர வாங்கப்பட்ட தேர்தல் பத்திரங்களின் விவரங்கள் 2024இல் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவால் வெளியே வந்தபோதுதான், லாட்டரித் தொழிலில் உள்ள ஒரே நிறுவனம் 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியதும், திமுகவுக்கு மட்டும் அதிலிருந்து 509 கோடி போனதும் தெரிந்தது. பதிலுக்கு என்ன நடந்தது, எதுவும் நடந்ததா என்பதற்குக் கோப்பில் குறிப்பு இருக்காது.

வணிகம் சார்ந்த சங்கங்கள் வெளிப்படையாக மோதுவதும் உண்டு. 2017 ஜூலையில் ஜிஎஸ்டியோடு சேர்த்து 30 சதவீத உள்ளாட்சிக் கேளிக்கை வரி என்றதும் தமிழகம் முழுக்கத் திரையரங்குகளை மூடினார்கள். நாலைந்து நாளில் கமிட்டி போடப்பட்டது. பிறகு 10 சதவீதம் என்றார்கள், புதுப்படங்களை வெளியிடாமல் நிறுத்தியதும் 8 சதவீதத்துக்கு இறங்கியது. கடையை மூடினால் அரசுக்கே வரி வருமானம் போகும் என்கிற தொழிலுக்கு அந்தப் பலம் இருக்கிறது. நடைபாதை வியாபாரி கடையை மூடினால் அவர் வீட்டு அடுப்புதான் அணையும்.

காலக்கணக்கில் கில்லாடிகள் என்றால் சாதிச் சங்கங்களைத்தான் சொல்ல வேண்டும். 1987 செப்டம்பரில் வன்னியர் சங்கம் ஒரு வாரம் சாலைகளை மறித்தது, 21 பேர் உயிரிழந்தார்கள். 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்ற பிரிவுக்கு 20 சதவீதம் ஒதுக்கீடு வந்தது, அதே வருடம் சங்கத்திலிருந்து பாமக பிறந்தது. பல வருடம் கழித்து 10.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2021 பிப்ரவரி 26 அன்று பேரவையில் மசோதா நிறைவேறியது, அன்று மாலையே தேர்தல் தேதி அறிவிப்பு, மறுநாள் அதிமுகவோடு தொகுதிப் பங்கீடு. அழுத்தம் கொடுப்பதில் அதைவிடத் துல்லியமான நேரக்கணக்கை நான் பார்த்ததில்லை. ஆனால் அவசரத்தில் போட்ட சட்டத்துக்கு ஆதாரமாகப் புதிய புள்ளிவிவரம் இல்லை. அதே நவம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அரசை மட்டும் வளைத்துவிட்டு நீதிமன்றத்தை மறந்தால் இதுதான் கதி.

அரசு “சரி” என்றும் சொல்லாமல் “முடியாது” என்றும் சொல்லாமல் விடுவதுதான் அதிகம். அதில் இரண்டு வகையைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கமிட்டி. சம வேலைக்குச் சம ஊதியம் கேட்ட இடைநிலை ஆசிரியர்கள் 2022 டிசம்பர் கடைசியில் உண்ணாவிரதம் இருந்தார்கள், புத்தாண்டன்று குழு அறிவித்தார்கள், கலைந்தார்கள். அடுத்த செப்டம்பரில் மறுபடி அதே டிபிஐ வளாகத்தில் உட்கார வேண்டியிருந்தது, அக்டோபரில் காவல்துறை தூக்கிச் சென்றது. எத்தனை நாளில் அறிக்கை தர வேண்டும், அறிக்கை வெளியிடப்படுமா என்று அறிவிப்பிலேயே எழுதி வாங்காத கமிட்டி வெறும் ஒத்திவைப்பு.

இன்னொன்று “500 கடை”. மதுவிலக்கு கேட்டு 2015இல் மாநிலமே கொந்தளித்தது. 2016இல் ஜெயலலிதா மீண்டும் பதவியேற்ற நாளில் 500 டாஸ்மாக் கடைகளை மூட உத்தரவிட்டார். 2017இல் எடப்பாடி பழனிசாமி வந்ததும் 500. 2023 ஜூனில் ஸ்டாலின் அரசு 500. மூன்று முதல்வர்கள், ஒரே எண். அறிவிப்பாகச் சொல்லும்போது பெரிதாகத் தெரியும், வருமானத்தில் பெரிதாக அடிபடாது. இப்படி உங்கள் கோரிக்கைக்கும் ஓர் “500 கடை” எங்கோ தயாராக இருக்கும். அதை வாங்கிக்கொண்டு போராட்டத்தை முடிப்பதா, வாங்கிக்கொண்டே தொடர்வதா என்பதைச் சங்கம் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். அன்றைக்கு மேடையில் வைத்து முடிவெடுத்தால் சங்கம் இரண்டாகிவிடும்.

சுற்றுச்சூழல் குழுக்கள் நீண்ட ஓட்டக்காரர்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாநகராட்சி பெருங்குடிப் பக்கம் குப்பையைக் கொட்டிய இடம் அது. சுற்றுவட்டாரக் குடியிருப்போர் சங்கங்கள் புகைக்கும் நாற்றத்துக்கும் எதிராக ஆரம்பித்தார்கள், பறவை ஆர்வலர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்தார்கள். 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது, 2022இல் சுமார் 1,248 ஹெக்டேருக்கு ராம்சர் அந்தஸ்து, அதாவது சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது. அந்த அந்தஸ்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் சேப்பாக்கம் கலஸ் மஹாலில் இருக்கும் பசுமைத் தீர்ப்பாயத்தில் வாதாட முடிகிறது. 2025 செப்டம்பரில் ஆய்வு முடியும்வரை அந்த எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கும் கட்டட அனுமதி தரக்கூடாது என்று தீர்ப்பாயம் உத்தரவிட்டதும், கட்டுமானத் தரப்பும் அங்கே வீடு வாங்கியவர்களும் தங்கள் பக்கத்து அழுத்தத்தோடு கட்டட அனுமதி தரும் எழும்பூர் சிஎம்டிஏ (பெருநகர வளர்ச்சிக் குழுமம்) வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஒரு குழுவின் வெற்றி இன்னொரு குழுவைப் பெற்றெடுக்கும். வங்கிக் கடன் வாங்கி வீடு பதிந்த நடுத்தரக் குடும்பம் எதிர்த்தரப்பில் நிற்கும்போது, “பில்டர் மாஃபியா” என்று கோஷம் போட்டுக் கடந்துவிடவும் முடியாது.

பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தை மட்டும் தவறவிடாதீர்கள். மெரினா கடலில் கருணாநிதிக்கான பேனா நினைவுச்சின்னத்துக்காக 2023 ஜனவரி 31 அன்று கலைவாணர் அரங்கில் நடந்த கூட்டத்தில் கூச்சலும் தள்ளுமுள்ளும்தான் செய்தியானது. அங்கே பேசியது எல்லாம் வீடியோவில் பதிவாகும், எழுதிக் கொடுத்தது எல்லாம் நடவடிக்கைக் குறிப்பில் சேரும் என்பது செய்தியில் வராது. பிறகு தீர்ப்பாயத்திலோ உயர் நீதிமன்றத்திலோ “அன்றே ஆட்சேபம் தெரிவித்தோம், பரிசீலிக்கவில்லை” என்று சொல்ல அந்தக் காகிதம்தான் பிடி. ஆகவே இரண்டு நிமிடம் பேசுங்கள், கூடவே பத்துப் பக்கம் எழுதிக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கான கூட்டம் 2021இலும் 2023இலும் தேதி குறித்துத் தள்ளிப்போனது. எதிர்க்கிறவர்களைப் பொறுத்தவரை தள்ளிப்போவதே பாதி லாபம்.

உங்கள் தெரு அளவில் பழக வேண்டுமென்றால் வார்டுக் குழுவும், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடும் பகுதி சபாவும் இருக்கின்றன. 2022 நவம்பர் 1 முதல் நடக்கின்றன, பல வார்டுகளில் பேருக்குத்தான். நேரம் கிடைத்தால் ஒரு கூட்டத்துக்குப் போய், உங்கள் கோரிக்கையைத் தீர்மானமாக எழுத வையுங்கள். ஒரு மாதம் கழித்துப் பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: தீர்மானத்தின் நகல், அதன் மீது எந்த அலுவலர் எந்தத் தேதியில் என்ன குறிப்பு எழுதினார், இப்போது கோப்பு யாரிடம் உள்ளது. முப்பது நாளில் பதில் தர வேண்டும். அந்தப் பதிலில் இருக்கும் பதவியின் பெயருக்கு உங்கள் அடுத்த கடிதத்தை எழுதுங்கள். முதல்வருக்கு வேண்டாம்.